கங்காணி இடுப்பில் இருந்த சாவி

எங்கள் மலையில் தேயிலைக் கொழுந்து வெட்டப் போகும் பெண்கள் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. விடியுமுன் அரைக் கோப்பை கோப்பி, அதோடு சரி. மத்தியானம் எடை போட்டு முடித்து லயத்துக்குத் திரும்பும்வரை வாய் வறளாமல் இருக்க அசாம்போய் ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார்கள். உப்பும் புளிப்புமான அந்த உலர்ந்த பழம் எங்கள் லயத்து வீடுகள் எல்லாவற்றிலும் ஒரு போத்தலில் இருக்கும். சின்ன வயதில் அது அவர்களுக்குப் பிடித்த தின்பண்டம் என்று நினைத்திருந்தேன். அம்மா மலை வேலையை விட்டுவிட்டு கியா பார்மில் காய்கறி கட்டும் வேலைக்குப் போன பிறகு எங்கள் வீட்டுப் போத்தல் காலியாகவே கிடந்தது. அப்போதும் எனக்கு எதுவும் புரியவில்லை.

நான் பாலிடெக்னிக்கில் வேலையிடப் பாதுகாப்பு படித்துவிட்டு, பிறந்த தோட்டத்துக்கே வேலைக்கு வந்தேன். இயந்திரங்களின் மூடி, மின்கம்பிகள், மருந்தடிப்பவர்களின் முகமூடி, தீயணைக்கும் குப்பிகள் எல்லாம் என் பொறுப்பு. எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். கடைக்குப் போனாலும் சண்டைக்குப் போனாலும் சொல்ல வேண்டியதை ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டுதான் போவேன். வந்த புதிதில் தோட்டத்தில் என்னென்ன குறை என்று மேனேஜர் துரையிடம் வரிசையாகச் சொன்னபோது, மலையில் பெண்களுக்குக் கழிவறை இல்லை என்பதையும் சொன்னேன். வரிசையில் அது கடைசி. அதுவும் ஒரு ட்ரோனால்தான் நினைவுக்கு வந்தது.

முன்பெல்லாம் பெண்கள் ஓடைப் பக்கம் இறங்கிப் போவார்கள். ஒருத்தி போனால் இன்னொருத்தி காவல் நிற்பாள். எதிர் மேட்டில் சுற்றுலாக்காரர்களுக்குத் தேநீர்க் கடையும் பார்வை மேடையும் கட்டிய பிறகு எந்த ஓடையும் மறைவாக இல்லை. விடுமுறை நாட்களில் பிரிஞ்சாங் டவுன் வரை கார்கள் நிற்கும். வருகிறவர்கள் எல்லோர் கையிலும் கேமரா. ஒருநாள் ஒரு பெண் ஓடையோரம் உட்கார்ந்திருந்தபோது தலைக்கு மேலே ட்ரோன் ஒன்று வந்து நின்றுவிட்டது. எழுந்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கவும் முடியாமல், தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தில் போட்டுக்கொண்டாளாம். "மூஞ்சி தெரியலன்னா இது யாருன்னு எவனுக்குத் தெரியும்?" என்று அவள் சொன்னதைச் சொல்லிச் சொல்லி லயத்தில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சுற்றுலாக்காரர்களின் கடையில் கழிவறைகள் இருக்கின்றன. தோட்டத்து ஆட்கள் வரக்கூடாது என்று அங்கே பலகை எதுவும் இல்லை. சேறு அப்பிய பூட்ஸோடு, இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, யாரும் அந்த வெள்ளைத் தரையில் கால் வைத்ததில்லை. பலகை தேவைப்படவில்லை.

துரை மறுப்புச் சொல்லாமல் சம்மதித்தார். இடம் பார்த்தது நான்தான். எடைக் கொட்டகைக்குப் பக்கத்தில் கட்டலாம் என்றேன். தண்ணீர்க் குழாய் அங்கே இருந்தது, லாரி வந்து போகும் வழி இருந்தது, தொட்டியைச் சுத்தம் செய்வது எளிது. மூன்று காரணங்களும் சரியானவை. கதவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. அது கொட்டகையைப் பார்த்தபடி அமைந்தது.

கொட்டகையில்தான் என் அப்பா இருப்பார். அவர் கங்காணி. எடை பார்ப்பது, ஆட்களைத் தேயிலை நிரைகளுக்கு அனுப்புவது, லாரிக்கு மூட்டை ஏற்றிவிடுவது அவர் வேலை. ஒரு கங்காணியைப் பற்றிச் சொல்லும்போது கேட்பவர்கள் கடுகடுத்த ஆளை நினைத்துக்கொள்வார்கள். அப்பா அப்படியில்லை. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதலில் வண்டி எடுப்பவர் அவர்தான். தீபாவளிக்கு, தோட்டத்துக்கு வேலைக்கு வந்திருக்கும் நேபாளிகளையும் பங்களாதேஷிகளையும் வீட்டுக்குக் கூப்பிட்டு வாழையிலையில் சாப்பாடு போடுவார். அவர்கள் தமிழ் கற்றுக்கொண்டது அவரிடம்தான். முதலில் கற்றுக்கொண்டது அவருடைய கேலிப் பேச்சை. பனியிலும் தூறலிலும் சுமை தூக்குகிறவர்களை அவர் பேசிப் பேசியே சிரிக்க வைத்துவிடுவார். எடைக் கொட்டகையில் சிரிப்புச் சத்தம் கேட்டால், அப்பா அங்கே இருக்கிறார் என்று லயத்துக்கே தெரியும். எனக்கு அதில் பெருமைதான்.

கழிவறை திறந்த கொஞ்ச நாளில் சுற்றுலாக்காரர்கள் மேட்டிலிருந்து இறங்கி வந்து அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். போட்டது போட்டபடி விட்டுப் போனார்கள். அப்பாதான் பூட்டு போடலாம் என்றார். எனக்கும் சரியாகப் பட்டது. பிரிஞ்சாங்கில் நல்ல பித்தளைப் பூட்டாக நானே வாங்கி வந்தேன். சாவி யாரிடம் இருப்பது என்று கேட்டார்கள். எப்போதும் ஒரே இடத்தில் இருப்பவர் கங்காணி, அவரிடமே இருக்கட்டும் என்று சொன்னேன். ஒரு சாவி, ஒரு ஆள், ஒரு பொறுப்பு. படிப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்பா அதைச் சிவப்பு நாடாவில் கோத்து இடுப்பு வாரில் தொங்கவிட்டுக்கொண்டார்.

அதன் பிறகு கழிவறை எப்போதும் சுத்தமாக இருந்தது. மலைப் பக்கம் போகும்போதெல்லாம் அப்பாவிடம் சாவியை வாங்கித் திறந்து பார்ப்பேன். அப்போது நான் பரிசோதனைக்கு வந்த உத்தியோகஸ்தர். சாவி கேட்க எனக்குக் கூச்சம் இல்லை. தரை காய்ந்திருக்கும். வாளியில் நிரப்பி வைத்த தண்ணீர் தளும்பாமல் நிற்கும். வெளியிலிருந்து சோதனைக்கு வந்தவர்களுக்குத் திறந்து காட்டினேன். மலை மேல் இத்தனை சுத்தமாக ஒன்றை அவர்கள் பார்த்ததில்லை என்றார்கள். துரை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பயன்படுத்துகிற கழிவறை அப்படி இருக்காது என்பது, இயந்திரத்தில் எண்ணெய் எந்த அளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தே சொல்லிவிடுகிற எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் அடுத்த வீட்டில் இருப்பவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. கணவர் இல்லை, மகள் ஈப்போவில் தாதியர் படிப்பு படிக்கிறாள். அந்தப் படிப்பு முடியும்வரை மலையில் நின்றுவிட வேண்டும் என்பதுதான் பெரியம்மாவின் ஒரே கணக்கு. அவருக்கு இருதயம் கொஞ்சம் பலவீனம். உடம்பில் நீர் சேராமல் இருக்கக் காலையில் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். லயத்தில் அதைத் தண்ணி மாத்திரை என்பார்கள். அதைப் போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும். அதனால் கழிவறை வந்ததில் பெரியம்மாவுக்குத்தான் அதிக சந்தோஷம். முதலில் சாவி கேட்டவரும் அவர்தான்.

அப்பாவுக்குப் பெரியம்மா மதினி முறை. எங்கள் வழக்கத்தில் மதினியைக் கேலி செய்யலாம். செய்யாவிட்டால்தான் ஏதோ மனத்தாங்கல் என்று நினைப்பார்கள். அப்பா அதற்கு ஒரு வேடிக்கை கண்டுபிடித்தார். ரிங்லெட்டில் அணை இருக்கிறது. மழை கொட்டி ஏரி நிரம்பினால் மதகைத் திறக்குமுன் சைரன் ஊதுவார்கள், ஆற்றோரம் இருப்பவர்கள் விலகிக்கொள்ள. அப்பா அந்த சைரனை ஊதுவார். பெரியம்மா நிரையை விட்டு இறங்கிக் கொட்டகையை நோக்கி வரும்போதே இரண்டு கைகளையும் வாயில் குவித்து, தாழ்ந்த குரலில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுவார். மலை முழுக்கக் கேட்கும்.

நான் இருந்தபோது ஒருமுறை நடந்தது. ஊதி முடித்துவிட்டு அப்பா மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்து, "மதினி டேம் தொறக்கப் போறாங்க. கீழ இருக்கவங்கல்லாம் மேட்டுக்கு ஓடுங்க லா," என்றார்.

பெரியம்மா சாவிக்குக் கையை நீட்டியபடியே, "ஆமா கங்காணி, ஒங்க மூட்டையெல்லாம் தூக்கி மேல வைங்க. நனஞ்சிட்டா அப்புறம் எட கூடிப்போச்சும்பீங்க," என்றார்.

கொட்டகையே சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தார். நான் சத்தமாகவே சிரித்தேன். பதிலுக்குப் பதில் பேசத் தெரிந்த பெண் என்று அவரை மெச்சிக்கொண்டேன். திரும்பி வரும்போது அவர் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக நிரைக்குப் போனதைப் பார்த்தேன். குறுக்கு வழி எதிரே இருக்க, ஏன் சுற்றிப் போகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.

சில வாரங்களில் அவர் சாவி கேட்பது நின்றுபோனது. அப்பா வீட்டில், "மதினி இப்ப டேமே தொறக்கிறதில்ல, மழ கொறஞ்சிருச்சு போல," என்று சொல்லிச் சிரித்தார். மாத்திரை உடம்புக்குப் பழகியிருக்கும் என்று நான் நினைத்தேன். பிறகு ஒரு காலையில் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் காலில் ஏற்ற முயன்றுகொண்டிருந்தார். ஏறவில்லை. கணுக்காலும் பாதமும் ஒன்றாக வீங்கி, அழுத்திய இடம் குழியாகவே நின்றது. பேசும்போது மூச்சு வாங்கியது. நான் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு அவரைக் காரில் ஏற்றி தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் மலாய்க்காரப் பெண், என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். தினமும் மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டார். பெரியம்மா, சாப்பிடுகிறேன் என்பதற்கு மலாயில், "மாக்கான், மாக்கான்," என்று தலையாட்டினார். டாக்டர் நம்பவில்லை. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், காலை அழுத்திப் பார்த்தார். நுரையீரல் வரை நீர் ஏறியிருக்கிறது, மறுபடியும் இப்படி நிரம்பினால் இருதயம் தாங்குமா என்று சொல்ல முடியாது, மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது என்று என்னிடம் சொன்னார். நான் அதைத் தமிழில் மெதுவாகச் சொன்னேன். பெரியம்மா கேட்டுக்கொண்டார். டாக்டர் போன பிறகு, உண்மையைச் சொல்லுங்கள், மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டேன். அவர் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம போடுறேன் பாப்பா. லீவு நாள்ல தவறாம போட்டுருவேன்."

"வேலை நாள்ல?"

"வேலை நாள்ல போட்டா, நிமிசத்துக்கொரு தரம் போவணும். ஒவ்வொரு தரமும் ஒங்கப்பாகிட்ட போயி நிக்கணும்."

அவரே தொடர்ந்தார்.

"ஒங்கப்பா நல்ல மனுசன். மொறைக்குத்தான கேலி பண்றாரு. நானும் திருப்பிக் குடுக்கத்தான் செய்றேன். மொத தரம் எனக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சு. தெனம் தெனம், ஒவ்வொரு தரத்துக்கும் சிரிக்க முடியல பாப்பா. அவரு ஊதுனா அந்த ஆம்பளைங்க பூரா வேலைய நிறுத்திட்டுத் திரும்பிப் பாக்குறானுங்க. நான் உள்ள போயி வெளிய வர்ற வரைக்கும் பாக்குறானுங்க."

மற்ற பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டேன்.

"மத்தவளுகளா? என்னயப் பாத்துட்டு எவ கேப்பா? எல்லாம் அசாம்போய்தான்."

அந்த நிமிடத்தில்தான் காய்ந்த தரையும் தளும்பாத வாளியும் எனக்கு விளங்கின. சோதனைக்கு வந்தவர்களிடம் நான் பெருமையாகத் திறந்து காட்டியது யாரும் போகாத ஒரு அறையை. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு நான் முதலில் செய்தது, மனதுக்குள் எனக்காக வாதாடியதுதான். பூட்டு வேண்டும் என்றவர் அப்பா. ஊதியவர் அப்பா. இப்படி வரிசைப்படுத்தினால் நான் வெகு கீழே போய்விடுவேன். அந்த வரிசை எனக்கே கூசியது.

பெரியம்மா என் கையைப் பிடித்து, "அப்பாகிட்ட சொல்லிறாத. மனசு சங்கடப்படுவாரு. மக படிப்பு முடியட்டும், அப்புறம் வேலைய விட்டுட்டு தெனமும் போடுறேன்," என்றார். வேலைக்குப் போனால் மாத்திரை போட முடியாது, மாத்திரை போட்டால் வேலைக்குப் போக முடியாது. அவர் வேலையைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதற்கு நடுவே நின்றது பிரிஞ்சாங்கில் நான் வாங்கி வந்த பூட்டு.

அன்று சாயந்திரம் அப்பா சோற்றைப் பிசைந்தபடி பெரியம்மாவைப் பற்றிக் கேட்டார். உண்மையான கவலையோடு கேட்டார். மறுநாள் கொண்டுபோகச் சொல்லி ஹார்லிக்ஸ் போத்தல் ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

"மாத்திர ஒழுங்கா போட மாட்டேங்குது போல. படிச்ச புள்ள, நீயாச்சும் மதினிக்கு எடுத்துச் சொல்லு பாப்பா," என்றார்.

சொல்ல வேண்டியதை நான் அடுக்கித்தான் வைத்திருந்தேன். ஒன்று, ஊதக்கூடாது. இரண்டு, சாவி பெண்களிடம் இருக்க வேண்டும். மூன்றாவது என்னவென்று இப்போது நினைவில்லை. முதலாவதையே என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் அப்பா முன்னால் அந்தப் பேச்சே கிடையாது. மாதவிலக்கு நாட்களில் வயிற்று வலி என்பேன். அவர் சரி என்று நகர்ந்துவிடுவார். சிறுநீர் என்ற சொல்லை மலாயில் டாக்டரிடம் சொல்வேன், ஆங்கிலத்தில் துரையிடம் சொல்வேன். தமிழில் அப்பாவிடம் சொல்ல நாக்கு எழவில்லை. "சொல்றேன்பா," என்று மட்டும் சொன்னேன்.

அம்மாவிடம் சமையலறையில் சொன்னேன். அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. ஓடைக்குப் போன காலத்திலும், மேட்டில் நின்று பார்த்து எவள் எத்தனை தரம் போனாள் என்று கணக்குச் சொல்லும் ஆண்கள் இருந்தார்கள் என்றாள். பிறகு, "கட்டச் சொன்னதும் நீ, பூட்டு வாங்குனதும் நீ. நான் போயி என்னான்னு பேச?" என்று தட்டைக் கழுவத் திரும்பிவிட்டாள்.

நான் பேசாமல் தப்பிக்க வழி தேடினேன். எண் அழுத்தித் திறக்கும் பூட்டு ஒன்றை மாற்றிவிடலாம் என்று தோன்றியது. பழைய பூட்டு துருப்பிடித்துவிட்டது என்று சொல்லலாம். அப்பாவுக்கும் சங்கடமில்லை, எனக்கும் சங்கடமில்லை. அதன் விலையைக்கூட விசாரித்து வைத்தேன். பெரியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டில் படுத்திருந்தார். அடுத்த வாரம் வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னார். நான் இன்னும் பூட்டுகளின் படங்களைத்தான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே ஒரு காலை, கொழுந்து வெட்டும் இயந்திரங்களின் கத்தி மூடிகளைப் பார்க்க மலைக்குப் போயிருந்தேன். தூறல் விடாமல் இருந்தது. வேலைக்கு நடுவில், சில நாள் கழித்து வரவேண்டிய மாதவிலக்கு முன்னதாகவே வந்துவிட்டது. பையில் வேண்டியது இருந்தது. கழிவறை கண்ணெதிரே இருந்தது. கொட்டகையில் அப்பாவும், லாரிக்கு மூட்டை ஏற்றும் ஆண்கள் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். சிவப்பு நாடா அப்பாவின் இடுப்பில் தெரிந்தது.

நான் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். தொழிற்சாலைக்குப் போய் அங்கே உள்ள கழிவறைக்குப் போய்விட்டு வரலாம் என்று கிளப்பினேன். இரண்டாவது வளைவு தாண்டும்போது பெண்கள் குழு ஒன்று மேல் நிரையில் வெட்டிக்கொண்டு நின்றது. ஒருத்தி என்னைப் பார்த்துக் கையசைத்தாள். அவள் கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது. நான் எங்கே போகிறேன் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டதைப் போல முகம் சுட்டது. அப்பாவிடம் சாவி கேட்க முடியாமல், அவர் பெற்ற மகளான நானே தப்பி ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு மோட்டார் இருந்தது, போவதற்கு ஓர் இடம் இருந்தது. வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் மழையில் நின்றேன். பிறகு திருப்பினேன்.

தைரியத்தோடு திரும்பினேன் என்று சொல்ல முடியாது. கொட்டகை வாசலில் நின்று, "அப்பா, சாவி," என்றேன்.

"என்னா சாவி, ஸ்டோரா?"

"இல்ல. தண்டாஸ் சாவி."

அப்பாவின் கை இடுப்புக்குப் போனது. சோதனை பார்க்க வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் நான் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. அப்போது மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து சைரன் சத்தம் வந்தது. தாழ்வாகத் தொடங்கி, மெல்ல ஏறி, அப்பா ஊதுவதைப் போலவே அச்சாக. எனக்கு முதுகு காட்டி நின்ற நேபாளி ஒருவர், பெண் குரல் சாவி கேட்டதுமே, யாரென்று பார்க்காமல், பழக்கத்தில் ஊதிவிட்டார். இரண்டொருவர் சிரிக்கவும் தொடங்கினார்கள். திரும்பி என்னைப் பார்த்ததும் எல்லாம் நின்றது.

அப்பா, "டேய், அது எம் மவடா," என்றார்.

கத்தவில்லை. குரல் உடைந்து வந்தது. அந்த ஆள் வெலவெலத்துப்போய்க் கையைக் கூப்பினார். "தெரியாது கங்காணி. மன்னிச்சிருங்க. நீங்க செய்றதுதானே, நானும் செஞ்சேன்," என்றார். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே மன்னிப்புக் கேட்டார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு லாரிப் பக்கம் போய்விட்டார்.

அப்பா நாடாவை அவிழ்த்தார். சாவியை என் கையில் வைத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கதவை நோக்கி நடந்தேன். சின்னத் தூரம்தான். எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். ஆனாலும் முதுகு முழுக்கக் கண்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே சோப்பு உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. நான் அதைப் பிரித்தேன்.

அவர் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எம் மவடா. கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த வார்த்தையால் சிரிப்பு நின்றது. நான் அதன் மறைவில் ஒதுங்கிக்கொண்டேன். உள்ளே கை கழுவும்போதுதான், பெரியம்மா அங்கே வந்து நின்ற காலைகளில் அப்படி யாரும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நானும் அங்கே நின்றிருக்கிறேன். சிரித்திருக்கிறேன். அப்பாவுக்குத் தன் மகள் என்றால் வலித்தது. எனக்கு நான் என்றால் வலித்தது. இதில் அப்பாவைவிட நான் எந்த விதத்தில் மேல் என்று எனக்குத் தெரியவில்லை. படித்தது மட்டும் அதிகம்.

வெளியே வந்து பூட்டைப் பூட்டாமல் கையில் எடுத்துக்கொண்டேன். சாவியை அப்பா கேட்கவில்லை, நான் கொடுக்கவும் இல்லை. மறுநாள் பூட்டு மாட்டும் கொண்டியைக் கழற்றிவிட்டு, உள்பக்கம் தாழ்ப்பாள் பொருத்தினேன். சுற்றுலாக்காரர்கள் வந்தால் வரட்டும் என்று துரையிடம் சொன்னேன். சுத்தம் செய்ய ஒரு ஆள் போடுவது, ஒருவர் ஆஸ்பத்திரியில் படுப்பதைவிடச் சுலபம் என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். கதவின் திசையை மாற்ற வேண்டுமே என்று யோசித்துக்கொண்டு மலைக்குப் போனபோது, கதவுக்கும் கொட்டகைக்கும் நடுவே கம்பு நட்டு ஜிங்க் தகடுகளை ஆணியடித்து ஒரு மறைப்பு நின்றது. அப்பாதான் ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து அடித்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு தகடு எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டிலிருந்து பிடுங்கியது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

பெரியம்மா வேலைக்குத் திரும்பிய நாளில் நான் ஏதோ காரணம் வைத்துக்கொண்டு அங்கே போனேன். காலை வெயில் வந்த நேரம் அவர் நிரையை விட்டு இறங்கினார். அப்பா தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். தராசில் ஒன்றும் இல்லை. வெறும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியம்மா கொட்டகையைக் கடந்து, குறுக்கு வழியில், தகடுகளுக்குப் பின்னால் போனார். யாரும் ஊதவில்லை.

திரும்பும்போது என்னைப் பார்த்து வந்தார். இடுப்புப் பிளாஸ்டிக் தாளுக்குள்ளிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து, தலையை அண்ணாந்து நிறையக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி பாப்பா," என்றார்.

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வேலைக்கு வந்த ஒரு பெண் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு, ஒதுங்கப் போய் வந்ததற்கு என்னிடம் நன்றி சொல்கிறார். கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பூட்ஸ் இப்போது தன்னால் ஏறுகிறது என்றார். பிறகு கொட்டகைப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்கப்பா இப்ப என்கிட்ட பேசுறதே இல்ல பாப்பா. வாயத் தச்சு வச்ச மாதிரி நிக்கிறாரு. அதுவும் நல்லா இல்ல. வேற எதாச்சும் கேலி பண்ணச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

போகுமுன் கழிவறையைத் திறந்து பார்த்தேன். தரை முழுக்கச் சேறு. ஒன்றன் மேல் ஒன்றாகப் பூட்ஸ் தடங்கள். வாளியில் பாதிதான் தண்ணீர், சோப்பு கரைந்து மெலிந்திருந்தது. மூலையில் யாரோ துப்பிய அசாம்போய் கொட்டை ஒன்று கிடந்தது. வழக்கம்போல அறிக்கைக்குப் படம் எடுப்பதற்காகப் போனை வெளியே எடுத்தேன். எடுக்காமல் திரும்பப் பையில் போட்டேன். வாளியை எடுத்துக் குழாயடிக்குப் போனேன்.